தேருக்கு முன் சொல்ல வேண்டிய வாக்கியம்

1

எழுபத்தொரு மணி நேரம் ஆகிறது. புதன்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது சனிக்கிழமை ஒன்று இருபது. இந்தக் கதை அந்த மின்னஞ்சலிலிருந்துதான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நல்ல எழுத்தாளர்கள் இதை மறைப்பார்கள். நான் ஏற்கெனவே ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். இரண்டாவதுக்குத் தெம்பில்லை.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

நல்லூரில் கொடியேறி இருபத்து மூன்றாம் நாள், இணுவிலில் ஒரு வீட்டில் (நாள்காட்டி மாதிரி இருக்கிறது. விட்டேன்.)

நிவேதனா யன்னலருகே நின்று தொலைவில் (எங்கள் வீட்டு யன்னலருகே வெங்காய மூட்டைகள் இருக்கின்றன. அங்கே ஒருவரும் நிற்க முடியாது. விட்டேன்.)

அவள் சொல்லியிருக்கலாம். (இது நல்ல வாக்கியம். ஆனால் இதில் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சிக்கல்.)

ஆகவே ஆய்வுகூட அறிக்கை மாதிரித் தொடங்குகிறேன். நிவேதனா என்று ஒரு பெண். வயது இருபத்தாறு. இரசாயனவியல் பட்டதாரி. நல்லூரில் ஒரு ரியூற்றரியில், அதாவது தனியார் வகுப்பு நிலையத்தில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். இரசாயனவியலுக்கு அங்கே ஏற்கெனவே ஆசிரியர்கள், சேர்மார், இருக்கிறார்கள். சந்திக்குச் சந்தி விளம்பரப் பதாகையில் கைகட்டி நிற்கிறார்கள். பதாகையில் படம் போடச் சம்மதிக்காதவளுக்கு ஆங்கிலம் மிஞ்சியது.

மின்னஞ்சல் நோர்வேயில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நிலத்தடி நீர் பற்றிய முதுமாணிப் படிப்பு, முழுப் புலமைப்பரிசில். அதற்கு முன் அவர்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றிலும் 'மே', 'மைற்', 'வுட்' என்று சொற்கள் பஞ்சுபோல் இருந்தன. தாங்கள் பரிசீலிக்கப்படலாம். நேர்காணல் தேவைப்படக்கூடும். புதன்கிழமைக் கடிதத்தில் அவை ஒன்றும் இல்லை. வெறும் நிகழ்காலம். தருகிறோம்.

அவள் அதை வீட்டில் சொல்லவில்லை.

2

ஏன் சொல்லவில்லை என்றால், நேர்த்திக்கடன்.

தை மாதம் விண்ணப்பம் அனுப்பிய அன்று நிவேதனாவின் அம்மா நாகேஸ்வரி சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னார்: "முருகா, தேருக்கு முன்னம் பிள்ளைக்குக் கிடைச்சால், இந்தத் தேருக்கே அடியழிப்பு…"

(அம்மாவின் பெயரை நான் மாற்றவில்லை. நேர்த்தி அந்தப் பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது. கதைக்காக மாற்றினால் முருகன் குழம்பக்கூடும்.)

அடியழிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நல்லூர் முருகன் கோயில் தேர்த் திருவிழா அன்று காலை, சுவாமி தேரில் வெளிவீதி சுற்றும்போது, பெண்கள் பின்னால் வருவார்கள். ஓர் அடி வைத்து, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, அடுத்த அடி. வீதி முழுவதும் அப்படியே. இரண்டு பக்கமும் சனம் நிற்கும்.

அம்மாவின் முழங்கால்களை வைத்தியர் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். நிலத்தில் இருந்து எழும்புகிற வேலையே இனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா கதிரையில் இருந்துதான் கீரை ஆய்கிறார்.

இப்போது நிவேதனாவின் நிலைமை உங்களுக்கு விளங்கும். தேர் ஞாயிற்றுக்கிழமை. மின்னஞ்சல் புதன்கிழமை. 'கிடைக்கலாம்' என்று இருக்கும்வரை முழங்கால்கள் பத்திரம். 'கிடைத்தது' என்று சொன்ன உடனே அவை மண்ணில்.

ஆகவே அவள் நான்கு நாட்களை 'லாம்' போட்டுக் கடக்கத் தீர்மானித்தாள்.

"மெயில் ஏதும் வந்ததோ பிள்ளை?"

"வரலாம் அம்மா."

"எப்ப வருமாம்?"

"இந்தக் கிழமை வந்தாலும் வரும். அடுத்த கிழமையும் வரக்கூடும்."

அப்பா நமசிவாயம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார். "உவள் என்ன வானிலை அறிக்கையோ வாசிக்கிறாள்?" என்றார்.

3

வியாழக்கிழமை மாலை. மின்னஞ்சல் வந்து இருபத்தாறு மணி நேரம். ஆங்கில வகுப்பு.

அன்றைய பாடம்: மே, மைற், குட், மஸ்ற் முதலிய துணைவினைகள் வந்தால் வாக்கியம் என்ன சொல்கிறது, அவை இல்லாமல் வெறும் காலத்தில் வந்தால் என்ன சொல்கிறது. (இந்தப் பாடத்தை நான் கதைக்காகப் பொறுக்கவில்லை. புத்தகத்தில் அடுத்த பக்கம் அதுதான். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும்.)

வகுப்பில் பதினொரு பேர். அவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். றஜனி அக்கா, நாற்பத்திரண்டு வயது, மாநகர சபையில் வேலை, பதவி உயர்வுப் பரீட்சைக்காக ஆங்கிலம் படிக்கிறார். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெளிவீதி ஒலிபெருக்கியில் தொலைந்த பிள்ளைகளையும் கண்டெடுத்த பூட்டுத் திறப்புகளையும் அறிவிப்பவர் அவர்தான். வகுப்பிலும் அவருக்கு மைக் தேவையில்லை.

நிவேதனா பலகையில் பஸ்ஸைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதினாள். பஸ் ஆறு மணிக்கு வெளிக்கிடுகிறது என்பது வெறும் நிகழ்காலம். அது நேர அட்டவணை கதைப்பது. 'வில்' போட்டால் சொல்பவர் தன் நம்பிக்கையைச் சேர்க்கிறார். 'மே' போட்டால் வெளிக்கிட்டாலும் சரி, வெளிக்கிடாவிட்டாலும் சரி, அவர் பொய்யர் இல்லை.

"எங்கடை பஸ்ஸுக்கு மைற் தான் ரீச்சர்," என்றார் றஜனி அக்கா. "அதுவும் டயர் இருந்தால்."

பிறகு 'மஸ்ற்'. அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதற்கு ஒரு வாக்கியம். அவள் கட்டாயம் வீட்டில்தான் இருப்பாள் என்பதற்கு 'மஸ்ற் பீ' போட்டு இன்னொன்று.

"மஸ்ற் தானே ரீச்சர் பலமானது? அடிச்சுச் சொல்லுற மாதிரிக் கிடக்கு."

"இல்லை அக்கா. 'இருக்கிறாள்' எண்டு சும்மா சொல்லுறவர் கண்டவர். 'மஸ்ற்' போடுறவர் காணேல்லை. வாசலிலை செருப்புக் கிடக்கு, உள்ளை லைற் எரியுது, அதை வச்சுச் சொல்லுறார்."

"அப்ப சத்தம் கூடினால் ஆளுக்குத் தெரியாதெண்டு அர்த்தம்."

"கிட்டத்தட்ட."

"எங்கடை மாநகர சபைக் கந்தோரிலை முழுப்பேரும் மஸ்ற் தான்."

கடைசியாக, யோசிக்காமல், நிவேதனா பலகையில் ஒரு வாக்கியம் எழுதினாள். 'குட் ஹாவ் டோல்ட்' என்று வரும் வாக்கியம். அவள் தன் தாயிடம் சொல்லியிருக்க முடியும்.

"இதிலை அவ சொன்னவவோ, சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை. ஏலுமாய் இருந்தது, செய்யேல்லை. வெறும் இறந்தகாலத்திலை 'டோல்ட்' எண்டு வந்தால் சொன்னது, முடிஞ்சுது. திருப்பி எடுக்க ஏலாது."

"ஏன் ரீச்சர் உவ சொல்லேல்லை?"

எல்லோரும் சிரித்தார்கள். நிவேதனா பலகையை அழித்தாள்.

"அது புத்தகத்திலை இல்லை அக்கா."

* ஒரு பக்கக் குறிப்பு. நிவேதனா தன் பட்டப்படிப்பு ஆய்வில் இணுவில் கிணறுகளின் நைத்திரேற்றை அளந்தாள். 'உரம் காரணம் என்று இது காட்டுகிறது' என்று எழுதினாள். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவால் அதை வெட்டி 'காட்டக்கூடும்' என்று எழுதினார். அவள் மூன்று நாள் மனம் நொந்தாள், பிறகு விளங்கிக்கொண்டாள். அளந்ததற்கு மேலே சொல்லாதே என்பதுதான் அந்தக் 'கூடும்'. அது நேர்மை. அதே 'கூடும்' வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை பார்க்கிறது. அளந்தாகிவிட்டது, எண் கையில் இருக்கிறது, ஆனாலும் கூடும். அங்கே அடக்கமாக நிற்கும் சொல் இங்கே கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

4

முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைப்பது என் பழக்கம். பரிசோதனைக்கு முன் அட்டவணை கீறுவது போல.

ஒன்று. ஒன்றும் சொல்லாமல் தேர் முடியட்டும். திங்கட்கிழமை காலை, "அம்மா, இப்பத்தான் வந்தது." நேர்த்தியின் தவணை முடிந்துவிட்டது, ஒருவர் முழங்காலுக்கும் சேதமில்லை. (மின்னஞ்சலில் திகதி இருக்கிறது. அம்மா பார்க்கமாட்டார். முருகன் பார்க்கலாம்.)

இன்னொன்று. இன்றே சொல்வது. இதற்கு ஒரு பந்தி எழுதினேன். அம்மா அழுதார், அப்பா மண்வெட்டியோடு ஓடிவந்தார், பின்னணியில் கோயில் மணி (அழித்தேன். மணி எப்படி அங்கே வந்தது என்று எனக்கே தெரியாது.)

மற்றது, நோர்வேக்கு 'வேண்டாம்' என்று எழுதிவிடுவது. இதை நிவேதனா ஏழு நிமிடம் யோசித்தாள். ஆனால் வேண்டாம் என்று சொன்னாலும் கிடைத்தது கிடைத்ததுதான்.

மூன்றையும் திரும்ப வாசித்தேன். நிவேதனா நல்ல மகளாகத் தெரிகிறாள். தாயின் முழங்காலுக்காக வாய்மூடி இருக்கும் மகள். உங்களுக்கும் அவளைப் பிடித்திருக்கக்கூடும்.

அதனால்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம்.

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அம்மாவின் நேர்த்தியை எழுதும்போது கடைசியில் மூன்று புள்ளி வைத்தேன். அங்கே நான் ஒன்றை வெட்டினேன். முழு வாக்கியம் இது:

"முருகா, தேருக்கு முன்னம் பிள்ளைக்குக் கிடைச்சால், இந்தத் தேருக்கே அடியழிப்பு. எனக்குக் கால் ஏலாது, உமக்குத் தெரியும். பிள்ளையைக் கொண்டே செய்விக்கிறன்."

ஆம். விழுந்து எழும்ப வேண்டிய முழங்கால்கள் நிவேதனாவுடையவை. இருபத்தாறு வயதுடைய, ஒரு குறையும் இல்லாத முழங்கால்கள்.

வலிக்குப் பயமில்லை. சனத்துக்குப் பயம். பதாகையில் மார்பளவு படத்துக்கே நிற்காதவள், யாழ்ப்பாணம் முழுவதும் இரண்டு பக்கமும் நிற்க, ஈரச் சேலையோடு அடிக்கு அடி விழுந்து எழும்ப வேண்டும். அதில் பதினொரு பேர் அவளிடம் ஆங்கிலம் படிப்பவர்கள். ஒருவர் மைக் வைத்திருப்பவர்.

உங்களிடம் பொய் சொன்னேனா? நேர்த்தியைப் பாதியில் நிறுத்தினேன், மிச்சத்தை அம்மாவின் முழங்கால் பார்த்துக்கொண்டது. சரி, வெறும் இறந்தகாலத்தில் எழுதுகிறேன். பொய் சொன்னேன்.

நிவேதனா என்ற பெயரையும் இத்துடன் திருப்பிக் கொடுக்கிறேன். அவள் என்னைவிட நல்லவளாக இருந்தாள். இனி 'நான்' என்றே எழுதுகிறேன்.

5

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மேலே உள்ளதை எழுதி முடித்து, முதலாவது முடிவுதான் நல்லது என்று தீர்மானித்துக்கொண்டு தேநீருக்காகக் குசினிக்குப் போனேன்.

அம்மா கதிரையில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய நூல் சேலை ஒன்று மடித்து வைத்திருந்தது.

"உந்தச் சேலை ஏன் அம்மா?"

"நாளைக்கு."

"நாளைக்கு என்ன?"

"அடியழிக்கப்போறன்."

நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். அடுப்பை மூட்ட மறந்துபோனேன்.

"கிடைச்சால் தானே நேர்த்தி. அதுவும் நீங்கள் இல்லையே…"

"இஞ்சை பார் பிள்ளை." அம்மா சீலைத் துண்டில் கையைத் துடைத்தார். "நீ புதன்கிழமை துவங்கி ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. ஃபோனைக் கவிட்டு வைக்கிறாய். கேட்டால் வரலாம், வரக்கூடும் எண்டு மழுப்புறாய். கட்டாயம், 'இல்லை' எண்டுதான் வந்திருக்கும். எனக்கு நோகுமெண்டு ஒளிக்கிறாய்."

வாசலில் செருப்பு. உள்ளே விளக்கு. அம்மா எல்லாவற்றையும் கண்டிருக்கிறார், ஒன்றைத் தவிர.

"அதுதான் நானே போய் விழப்போறன். அவரிட்டைக் கேக்கப்போறன். மாத்தி எழுதி அனுப்பச் சொல்லி."

அப்பா வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இஞ்சருமப்பா, உமக்குக் கதிரையிலை இருந்து எழும்பவே என்ர கை வேணும். நல்லூரிலை ஆர் தூக்குறது?"

"முருகன் தூக்குவார். நீங்கள் வெங்காயத்தைப் பாருங்கோ."

இந்த இடத்தை மூன்று முறை அடித்து எழுதினேன். உண்மையில் நடந்தது மிகவும் சின்னது. நான் வாயைத் திறந்தேன். வந்தது இது:

"இல்லையம்மா, கிடைச்சிருக்கலாம்…"

"என்னைத் தேத்தாதை," என்றார் அம்மா. என் கன்னத்தில் எண்ணெய்க் கையால் தட்டினார். "போய்ப் படு. முகத்தைப் பார், காய்ஞ்சுபோச்சு."

நான்கு நாளாக அந்தச் சொல்லையே பழகியிருந்தேன். தேவைப்பட்டபோது வேறு சொல் வாயில் இல்லை.

உங்களைக் கவருவதற்காக அம்மாவின் முழங்கால்களை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தேன். இப்போது அவை கதையை விட்டு வெளியே எழுந்து நல்லூருக்குப் போகப்போகின்றன. விடிந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன் என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். ('சொல்லிவிடுவேன்.' 'வில்' போட்ட வாக்கியம். நம்பிக்கை மட்டும்தான்.)

6

இந்தப் பகுதியை ஞாயிறு மாலை எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு எழுந்தேன். அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. கைத்தொலைபேசி குசினித் தட்டில் இருந்தது. வெளி விளக்கு எரிந்தது. 'மஸ்ற்' போடுபவர்களுக்கு எச்சரிக்கை: அம்மா வீட்டில் இல்லை. வெறுங்காலோடு போயிருந்தார்.

"கொம்மா நாலு மணிக்கே அயல்சனத்தோடை வான் பிடிச்சுப் போயிட்டா," என்றார் அப்பா.

"ஏன் மறிக்கேல்லை?"

"மறிச்சனான். வெங்காயத்தைப் பாருங்கோ எண்டா."

"அப்பா, சைக்கிளை எடுங்கோ. மோட்டச்சைக்கிளை. கெதியா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். மோட்டச்சைக்கிளை உதைத்தார். வீதித் தடை போட்ட இடம்வரை கொண்டுபோய் இறக்கினார்.

அதற்குப் பிறகு சனம். எங்கும் ஈரச் சேலைகள், திருநீறு, கற்பூரப் புகை. தேர் இன்னும் வெளிக்கிடவில்லை. வடம் பிடிப்பதற்கு ஆட்கள் நின்றார்கள். அடியழிக்க வந்த பெண்கள் மண்ணில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கில், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. "அம்மா" என்று கூப்பிட்டேன். எட்டுப் பேர் திரும்பினார்கள். ஒருவரும் என் அம்மா இல்லை.

என்னுடைய குரல் எனக்கே கேட்காத குரல். அப்போது தலைக்கு மேலே இன்னொரு குரல் கேட்டது.

"மூன்று வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை, மஞ்சள் சட்டை, பெயர் கேட்டால் 'குட்டி' என்று மட்டும் சொல்கிறார்…"

றஜனி அக்கா.

அறிவிப்புக் கொட்டிலுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு இருபது. எண்பத்தொன்பது மணி நேரம். குட்டி மேசையில் இருந்து விசுக்கோத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ரீச்சர்! நீங்களும் துலைஞ்சு போனீங்களோ?"

"அக்கா, அம்மா அடியழிக்க வந்திட்டா. கால் ஏலாதவ. தேர் வெளிக்கிட முதல் ஒரு செய்தி சொல்லவேணும். நீங்கள் அறிவியுங்கோ. இணுவில் நாகேஸ்வரி நமசிவாயம்."

றஜனி அக்கா பேனையை எடுத்தார். "என்ன செய்தி?"

சொன்னேன். மெதுவாக, மேசையைப் பார்த்துக்கொண்டு. அவர் எழுதவில்லை. பேனையை மூடினார்.

"வந்திருக்கலாமோ, வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"மைற் இல்லை?"

"இல்லை."

"மஸ்ற்?"

"அக்கா!"

"அப்ப பலகையிலை எழுதின அந்தப் பிள்ளை நீங்கள்தான்." அவர் சிரித்தார். பிறகு மைக்கை என் பக்கம் திருப்பினார். "நான் சொன்னால் கொம்மா, ஆரோ தன்னை மறிக்கிறதுக்குச் செய்த வேலை எண்டு நினைப்பா. இது கண்டவர் சொல்லவேண்டிய வாக்கியம். நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

குட்டி விசுக்கோத்தைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

இங்கே முடிவை உங்களிடம் தந்துவிடுகிறேன். அம்மா எழுந்தாரா, மண்ணிலேயே இருந்து அழுதாரா, அவரைத் தூக்கிவிட்டது யார், அன்று அடியழித்தது எந்த முழங்கால்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அன்று வெளிவீதியில் நின்றிருந்தால் பார்த்திருக்கலாம். நிற்காதவர்கள் தங்களுக்குப் பிடித்த துணைவினையைப் போட்டுக்கொள்ளலாம். இதை எழுதும் மேசைக்குக் கீழே கொஞ்சம் மண் உதிர்ந்து கிடக்கிறது. அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். வீட்டில் மூன்று பேர் நடமாடுகிறோம்.

நான் எழுதக்கூடியது நான் கண்டதை மட்டும். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மூச்சு விட்ட சத்தம் முதலில் நல்லூர் முழுவதும் கேட்டது. ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக, வீதியின் நான்கு பக்கமும், கொஞ்சம் பிந்திப் பிந்தி, என் குரலைத் திருப்பிச் சொன்னன:

"அம்மா, நான் அருந்ததி கதைக்கிறன். எனக்குக் கிடைச்சிட்டுது. புதன்கிழமையே கிடைச்சது."